அகலமான மடுவத்துக்கு மரம் எடுக்கும்போது அளவு பார்ப்பது எப்படி?

லயத்து வாசலுக்கு முன்னால் ஒரு திறந்த மடுவம் கட்டிக்கொள்ளும் ஆசை இப்போது பல தோட்டங்களில் கூடி வருகிறது. நல்ல ஆசைதான். ஒரு பரிசம், ஒரு சடங்கு, ஒரு சாவு வீடு என்று வந்தால் காம்பராவுக்குள் எத்தனை பேரை உட்கார வைப்பது? இஸ்தோப்பில் நாலு கதிரை போட்டால் ஐந்தாவது ஆள் மழையில்தான் நிற்க வேண்டும். மூங்கில் நட்டுப் படங்கு கட்டினால் ஒரு இரவு தாங்கும், இரண்டாம் இரவு காற்று கொண்டு போய்விடும். அதனால் நாலைந்து குடும்பம் சேர்ந்து சீட்டுப் பணத்தைப் போட்டு, தகரக் கூரையில் ஒரு நிரந்தர மடுவம் போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களும் வீட்டு முன்பக்கத்துக்கு இப்படிக் கூரை இழுக்கிறார்கள்.

கட்டுவதற்கு முன் நம்மிடம் வந்து கேட்பவர்கள் குறைவு. கட்டி முடித்து, கூரை தொய்ந்த பிறகுதான் வருகிறார்கள். "ஐயா, நல்ல மரம்தாங்க போட்டோம், ஆனா நடுவுல எறங்கிருச்சுங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் மரத்தில் குற்றம் ஒன்றும் இராது. அளவில்தான் குற்றம் இருக்கும். எவ்வளவு தூரத்துக்கு எந்த அளவு மரம் என்று யாரும் கணக்குப் பார்க்காமல், டிப்போவில் இருந்ததை ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். அந்த மடுவத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடும். விசேஷம் என்றால் ஐம்பது பேர் உட்காருவார்கள். ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மரத்தை நிறுத்திப் போடுவதும் படுக்கப் போடுவதும்

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் அடிமட்டத்தை எடுங்கள். இரண்டு முனையையும் இரண்டு புத்தகத்தின் மேல் வைத்து, படுத்த வாக்கில் நடுவில் விரலால் அமுக்குங்கள். வளையும். அதையே ஓரத்தில் நிறுத்தி வைத்து அமுக்குங்கள். அசையாது. அதே அடிமட்டம், அதே விரல். நிற்கிற உயரம்தான் வித்தியாசம்.

பீமுக்கும் கைமரத்துக்கும் இதே விதிதான். மரத்தின் தாங்கும் பலத்தைப் பார்க்க, நிற்கிற உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, பிறகு தடிப்பால் பெருக்க வேண்டும். வளையாமல் நிற்கும் உறுதிக்கு உயரத்தை மூன்று தரம் பெருக்கித் தடிப்பால் பெருக்க வேண்டும். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் போடச் சொல்லுங்கள்.

4க்கு 2 மரம் ஒன்றை எடுப்போம். நிறுத்திப் போட்டால் பலக் கணக்கு 4 தரம் 4 தரம் 2, அதாவது 32. படுக்கப் போட்டால் 2 தரம் 2 தரம் 4, அதாவது 16. பாதிதான். உறுதிக் கணக்கில் இன்னும் மோசம். நிறுத்தினால் 128, படுக்கப் போட்டால் 32. நாலில் ஒரு பங்கு! அதே மரத்துக்கு அதே காசைக் கொடுத்துவிட்டு, கால்பங்கு வேலையைத்தான் வாங்குகிறோம்.

இனி, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பிடித்த 4க்கு 4க்கு வருவோம். சதுரமாகக் கனமாக இருப்பதால் அதுதான் பலம் என்று ஒரு நம்பிக்கை. ஒரு பாஸ் என்னிடமே சொன்னார், "நாலுக்கு நாலு போட்டா யானையே ஏறலாங்க." தூணாக நட்டால் அவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. பீமாகப் போட்டால் இல்லை. 4க்கு 4இன் பலம் 64, உறுதி 256. 6க்கு 2 மரத்தை நிறுத்திப் போட்டால் பலம் 72, உறுதி 432. இதில் 4க்கு 4இல் 16 சதுர அங்குல மரம் போகிறது, 6க்கு 2இல் 12 சதுர அங்குலம்தான். மரமும் குறைவு, காசும் குறைவு, வேலை கூட. பீமுக்கு மரம் எடுக்கப் போகிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

உயரம் நல்லது என்பதற்காக 9க்கு 1 பலகையை நிறுத்திவிடக் கூடாது. அது பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். உயரம் தடிப்பைப் போல மூன்று மடங்கு, மிஞ்சினால் நாலு மடங்குக்குள் இருக்கட்டும். மூன்று மடங்கு வந்துவிட்டாலே கைமரத்துக்கும் கைமரத்துக்கும் இடையில் தாங்கலின் மேல் ஒரு குறுக்குக் கட்டை அடித்துவிடுவது நல்லது.

தூரம் கூடினால் என்ன நடக்கும்

அகலமான மடுவத்தில் ஆளைக் கவிழ்ப்பது தூரம்தான். ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மரத்தை முறிக்கப் பார்க்கும் விசை நாலு மடங்காகிறது. தொய்வு பதினாறு மடங்காகிறது. பத்து அடியில் அரை அங்குலம் தொய்கிற பீம், அதே மரமாக இருபது அடிக்குப் போனால் எட்டு அங்குலம் தொயும். ஆகவே "பக்கத்து லயத்தில் இதே மரம்தானே போட்டார்கள், அது நன்றாகத்தானே நிற்கிறது" என்ற பேச்சு உதவாது. அங்கே தூண் எட்டு அடிக்கு ஒன்று நின்றிருக்கும்.

ஒரு நடப்புக் கணக்கைப் பார்ப்போம். மடுவம் 20 அடி நீளம், 12 அடி அகலம். அமானோ என்று சொல்கிற தகரம் போடுகிறோம். கூரை நாலு பக்கமும் ஒரு அடி வெளியே தள்ளும், ஆகக் கூரை 22க்கு 14. முன்னுக்கு ஒரு பீம், பின்னுக்கு ஒரு பீம், அவற்றின் மேல் குறுக்கே கைமரம், கைமரத்தின் மேல் ரீப்பை, அதன் மேல் தகரம். கூரையின் சொந்தப் பாரத்தோடு, தகரம் அடிக்கவும் பழுது பார்க்கவும் மேலே ஏறுகிற ஆட்களின் பாரத்தையும் சேர்த்து, ஒரு சதுர அடிக்கு நாலரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இது எங்கள் மலைப்பக்கத்தில் கிடைக்கும் யூக்கலிப்டஸ் வகை மரத்துக்கு, நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்தால், சொல்கிற கணக்கு.

பலரும் முதலில் கேட்பது, "நடுவில் தூண் வேண்டாம், மணவறை மறைக்கும்" என்பது. சரி, 20 அடிக்கு நடுவில் தூண் இல்லாமல் 6க்கு 3 பீம் போட்டால் என்ன ஆகும்? யாரும் மேலே ஏறாமலே, கூரைப் பாரத்துக்கே ஒன்றரை அங்குலம் தொயும். மரம் வருஷக்கணக்கில் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நின்றால் தொய்வு மெல்ல மெல்லக் கூடி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். முழுப் பாரமும் வந்தால் நாலரை அங்குலம் வரை இறங்கி, முறிகிற அளவுக்கு நெருங்கிவிடும். அதைத் தாங்க வேண்டுமென்றால் 10க்கு 3 பீம், அதுவும் 20 அடிக்கு ஒரே துண்டாக வேண்டும். வெடிப்பில்லாமல், கணு இல்லாமல், நேராக அப்படி ஒரு துண்டு டிப்போவில் கிடைப்பது லேசில்லை. கிடைத்தாலும் பச்சை மரமாக இருந்தால் ஒன்றே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். படிக்கட்டு வழியாகப் பத்தாம் நம்பர் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள்.

நடுவில் ஒரே ஒரு தூண் வைத்தால் நிலைமையே மாறிவிடுகிறது. தூரம் 20 அடியிலிருந்து 10 அடியாகிறது. கணக்குக்கு 6க்கு 2 பீமே போதும். நான் 6க்கு 3 போடச் சொல்வேன், ஏனென்றால் கைமரம் உட்காரவும் போல்ட் போடவும் இடம் வேண்டும், மரம் காயும்போது சுருங்கவும் செய்யும். தூணுக்குப் போகும் மரத்தையும் சேர்த்துக்கொண்டால்கூட 10க்கு 3 பீமை விட மரம் குறைவாகத்தான் போகும். பத்துப் பதினொரு அடித் துண்டு எங்கேயும் கிடைக்கும்.

மணவறை மறைக்கும் என்ற கவலைக்கும் வழி உண்டு. தூணைச் சரிநடுவில் வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு பக்கம் 12 அடியும் மறுபக்கம் 8 அடியுமாக வைத்து, அகலமான பக்கத்தில் மணவறையைப் போடலாம். அப்போது பீம் 7க்கு 3 ஆக இருக்கட்டும். 15 அடி கட்டாயம் திறந்திருக்க வேண்டும் என்று நின்றால் 8க்கு 3 தேவை. முன்பக்கம் இப்படித் தூரம் விட்டாலும், பின்பக்க பீமுக்குப் பத்து அடிக்கு ஒரு தூண் வைப்பதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லையே.

கைமரமும் ரீப்பையும்

கைமரத்தை, சிங்களப் பாஸ் என்றால் "பரால" என்பார், மூன்று அடிக்கு ஒன்று போடுவதாக வைத்துக்கொள்வோம். தாங்கலுக்குத் தாங்கல் 8 அடி வரைக்கும் 4க்கு 2 போதும். அதற்கு மேல் 12 அடி வரைக்கும் 5க்கு 2. 14 அடிக்கு 6க்கு 2. எல்லாமே நிறுத்திப் போடுவதற்கான கணக்கு. நம்முடைய மடுவம் 12 அடி அகலம் என்பதால் 5க்கு 2. எங்கள் ஆட்கள் பழக்கத்தில் இதற்கும் 4க்கு 2 தான் எடுக்கிறார்கள். தகரம் அடிக்க ஏறுகிற ஆள் நடுவில் கால் வைத்தால் அது அளவுக்கு மீறி வளையும், கணு இருக்கிற இடத்தில் கீறும்.

ஓடு போடுவதாக இருந்தால் பாரம் பல மடங்கு கூடும். கைமரத்தை 2 அடிக்கு ஒன்றாக நெருக்க வேண்டும், பீமும் ஒரு அளவு கூட வேண்டும். திறந்த மடுவத்துக்கு ஓடு போடும் எண்ணத்தை நான் ஊக்கப்படுத்துவதில்லை.

ரீப்பையில் ஒரு விஷயம். 2க்கு 1 ரீப்பை ஓட்டுக் கூரைக்குப் பழகியது, அங்கே கைமரம் நெருக்கமாக இருக்கும். மூன்று அடி இடைவெளியில் 2க்கு 1ஐப் படுக்க அடித்து அதன் மேல் ஆள் மிதித்தால் சட்டென்று முறியும். தகரத்துக்கு 2க்கு 2 எடுங்கள், இரண்டே முக்கால் அடிக்கு ஒரு வரிசை அடியுங்கள்.

தகரக் கூரைக்குச் சரிவு ஒரு அடிக்கு 2 அங்குலமாவது வேண்டும். 12 அடிக்கு 24 அங்குலம். முன்பக்கம் ஏழரை அடி உயரம் என்றால் பின்பக்கம் ஒன்பதரை அடி. வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுகிற வட்டவளைப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது. சரிவு குறைந்து, பீமும் தொய்ந்துவிட்டால் தகரத்தின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரும் பாரம்தான். அந்தப் பாரத்தில் பீம் இன்னும் தொயும், இன்னும் தண்ணீர் தேங்கும். ஒரு தோட்டத்தில் இப்படித் தொய்ந்த கூரையின் நடுவில் ஒரு வாளி தண்ணீருக்கு மேல் நிற்பதை நானே ஏணி வைத்துப் பார்த்திருக்கிறேன். கீழே முட்டுக் கொடுத்து நிமிர்த்தப் போனபோதுதான் பீமின் அடிப்பக்கம் வெடித்திருப்பது தெரிந்தது.

டிப்போவில் கவனிக்க வேண்டியது

டேப் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். 4க்கு 2 என்று பில்லில் எழுதியிருக்கும். வாள் தின்றதும் மரம் காய்ந்து சுருங்கியதும் போக மூன்றே முக்காலும் ஒன்றே முக்காலும் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், மேலே சொன்ன அளவுகளில் அந்தக் குறைவையும் சேர்த்தே பார்த்திருக்கிறேன். சில இடத்தில் சீவின மரம் என்று சொல்லி மூன்றரையும் ஒன்றரையுமாகத் தருவார்கள். பார்க்க வழவழப்பாக அழகாக இருக்கும். அரை அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பலக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 57 பங்குதான் வரும், உறுதி சரி பாதி. சீவின மரம்தான் வேண்டும் என்றால் ஒரு அளவு கூட்டி எடுக்க வேண்டும்.

மரத்தின் சாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரண்டிஸ் போன்ற யூக்கலிப்டஸ், தோட்டத்தில் டர்பன்டைன் என்றும் சொல்வார்கள், பீமுக்கும் கைமரத்துக்கும் போதுமான பலம் உள்ளது. ஆனால் பச்சையாகப் போட்டால் முறுக்கும், முனையில் வெடிக்கும். வாங்கியதும் தரையில் போடாமல், குறுக்குக் கட்டை வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகக் காற்று போக அடுக்கி, மேலே தகரம் மூடி இரண்டு மூன்று மாதமாவது நிழலில் காய விடுங்கள். தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கும் சபுக்கு மரம் லேசானது, வெளியில் மழை பட்டால் நாளடைவில் உளுக்கும், கறையானும் விரும்பித் தின்னும். ரீப்பைக்கு வைத்துக்கொள்ளலாம், தூணுக்கு வேண்டாம். அல்பீசியா பெட்டி அடிக்கிற மரம், கூரைக்கு எடுக்கவே வேண்டாம். தோட்டத்து மரத்தை வெட்டுவதானால் ஒபிசில் எழுத்தில் அனுமதி எடுங்கள். வெளியிலிருந்து ஏற்றி வருவதானால் போக்குவரத்துப் பத்திரம் தேவைப்படும் மரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழியில் லொறியை மறித்தால் நட்டம் நமக்குத்தான்.

ஒவ்வொரு துண்டையும் ஒரு முனையில் கண் வைத்து நீளத்துக்குப் பாருங்கள். கொஞ்சம் கூன் இருந்தால் பரவாயில்லை, கூன் மேலே பார்க்கும்படி போட்டால் பாரம் ஏறும்போது நேராகிவிடும். கணுதான் முக்கியம். பீமின் நடுப்பகுதியில் அடி ஓரம்தான் அதிகமாக இழுபடும் இடம். பெரிய கணு அங்கே வந்தால் மரம் அங்கேதான் பிளக்கும். கணு உள்ள ஓரத்தை மேலே திருப்பலாம், அல்லது அந்தத் துண்டைத் தூணுக்கு ஒதுக்கலாம். அதே காரணத்துக்காக, பல்ப் மாட்டவோ ஊஞ்சல் கட்டவோ பீமின் அடிப்பக்கத்தில் வெட்டுப் போட விடாதீர்கள்.

6க்கு 3 கிடைக்காவிட்டால் 6க்கு 2 இரண்டைப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தி, அரை அங்குல போல்ட் 2 அடிக்கு ஒன்றாக மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டு இறுக்கலாம். 6க்கு 4க்குச் சமம். ஆனால் 3க்கு 3 இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஆணி அடித்தால் 6க்கு 3 ஆகாது. பாரம் ஏறும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், இரண்டும் தனித்தனியாகத்தான் வளையும். இதை எத்தனை பாஸிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். பழைய கொப்பி இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து வளைத்துக் காட்டினால் ஓரம் வழுக்குவது தெரியும், பிறகு சிரிக்க மாட்டார்கள். பீமை நீளத்தில் மூட்டுவதானால் மூட்டு தூணின் மேலேதான் வர வேண்டும். இரண்டு தூணுக்கு நடுவில் மூட்டு வந்தால் எவ்வளவு கனமான மரம் போட்டும் பிரயோசனமில்லை.

லயத்துச் சுவரில் தொங்க விடாதீர்கள்

தூண் மிச்சம் பிடிக்க, பின்பக்கக் கைமரத்தை லயத்துச் சுவரில் ஏற்றிவிடலாம் என்பது அடிக்கடி வரும் யோசனை. பழைய லயங்கள் பல நூறு வருஷத்துக்கு முந்தியவை, கருங்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டியவை. அந்தச் சுவரில் அடித்த ஆணி பாரத்தைத் தாங்கினாலும் காற்றின் இழுவையைத் தாங்காது, சுவரின் மேல் வரிசைக் கல்லையும் சேர்த்துக் கொண்டு வரும். உள்ளே தூங்குகிற ஆட்களுக்கு ஆபத்து. பின்பக்கத்துக்கும் தனியாகத் தூண் நட்டு, லயத்துக் கூரைக்குக் கீழே இடைவெளி விட்டு, மடுவத்தைத் தன் காலில் நிற்க விடுங்கள். லயமும் அதன் நிலமும் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம், தோட்டமானால் துரையின் ஒபிசில், முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதும் வேண்டும். மண்சரிவு அபாயம் என்று குறித்துக் கொடுத்த இடத்தில் மடுவத்துக்கும் இடம் இல்லை. வெட்டிய மண்மேட்டை ஒட்டியும் கட்டாதீர்கள்.

காற்று மேலே இழுக்கும்

இதுவரை பாரம் கீழே அமுக்குவதைப் பேசினோம். திறந்த மடுவத்துக்குப் பெரிய எதிரி மேலே இழுக்கும் காற்று. சுவர் இல்லாததால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் ஒரு சதுர அடிக்கு நாலு கிலோவுக்கு மேல் தூக்கும். நம்முடைய கூரை 308 சதுர அடி. ஆக 1,200 கிலோவுக்கு மேல் தூக்குகிறது. தகரமும் மரமும் சேர்ந்த கூரைப் பாரம் 450 கிலோ அளவுதான். மிச்சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியது போல்ட்டும் அத்திவாரமும்.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் காற்று அடிக்கும்போதும், அதே நாட்களில் ஊவாப் பக்கம் கச்சான் இறங்கும்போதும் தகரம் பறந்து போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படிப் பறந்து வரும் தகரம் கத்தி மாதிரி.

ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் கொங்கிரீட் போட்டால் ஒன்று 300 கிலோ அளவு இருக்கும். ஆறு தூணுக்கு 1,800 கிலோ. இது போதும். மரத் தூணை மண்ணிலோ கொங்கிரீட்டுக்குள்ளோ புதைக்காதீர்கள், தண்ணீர் தேங்கி அடி உளுக்கும், கறையான் ஏறும். கொங்கிரீட்டில் இரும்புப் பட்டி இரண்டைப் பதித்து, தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்தி, தூணை அதற்கிடையில் நிறுத்தி இரண்டு போல்ட் போடுங்கள். தூணும் பீமும் சேரும் இடத்திலும் பட்டியும் போல்ட்டும். கைமரத்தைப் பீமோடு ஆணியால் மட்டும் பிடித்தால் காற்று ஆணியை நேரே உருவிவிடும், ஒவ்வொரு கைமரத்துக்கும் மேலால் வளைத்துப் பீமின் இரண்டு பக்கமும் இறங்கும் கல்வனைஸ் பட்டி வேண்டும். தகரத்துக்கு வாஷர் வைத்த ஸ்குரூ. நாலு ஓரத்திலும் நெருக்கி அடியுங்கள், காற்று பிடித்து உரிக்கத் தொடங்குவது ஓரத்தில்தான்.

மடுவம் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க ஒவ்வொரு தூணிலிருந்தும் பீமுக்கும் கைமரத்துக்கும் சாய்வாக 3க்கு 2 முட்டுக்கை கொடுங்கள், இரண்டரை அடி நீளம் போதும். முட்டுக்கை இருக்கிறதே என்று பீம் அளவைக் குறைத்துவிட வேண்டாம், அது ஆட்டத்துக்கு மட்டும்தான்.

டிப்போவுக்கு எழுதிக்கொண்டு போக

20க்கு 12 மடுவத்துக்கு, தகரக் கூரைக்கு, வேண்டிய மரம் இவ்வளவு. தூண் 4க்கு 4, முன்னுக்கு மூன்றும் பின்னுக்கு மூன்றும், நடுத்தூண் பத்து அடியில் வரும்படி. முன்தூண் எட்டு அடித் துண்டும் பின்தூண் பத்து அடித் துண்டுமாக எடுத்து இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். பீம் 6க்கு 3, பதினொரு அடித் துண்டு நாலு. கைமரம் 5க்கு 2, பதினைந்து அடித் துண்டு ஒன்பது, இரண்டே முக்கால் அடிக்கு ஒன்றாக. ரீப்பை 2க்கு 2, ஆறு வரிசை, ஒரு வரிசை 22 அடி. மூட்டு கைமரத்தின் மேல் வரும்படி நீளம் பார்த்து எடுங்கள். முட்டுக்கைக்கு 3க்கு 2, தூணுக்கு இரண்டு என்று பன்னிரண்டு துண்டு, மூலைத் தூணானாலும் நடுத்தூணானாலும் குறையாமல். நடுத்தூணில் பீமின் மறுபக்கத்துக்கும் ஒன்று கொடுத்தால் இன்னும் நல்லது, அதற்கு இரண்டு துண்டு கூட.

தூரம் மாறினால் இந்தப் பட்டியலும் மாறும். உங்கள் மடுவத்தின் நீளம், அகலம், தூண் வைக்க நினைக்கிற இடம் மூன்றையும் ஒரு கடதாசியில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு வந்தால், மரத்துக்கு முற்பணம் கட்டும் முன்பே நலன்புரி ஒபிசில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருகிறோம். பாஸையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.